தங்க ஆசையும் தராசு நியாயமும்

மளிகை, ஜவுளி, பாத்திரம், மருந்து என்று நம் சங்கத்தில் பல துறை வணிகர்கள் இருக்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை தேவைக்காக விற்பனையாகும் சரக்குகள். ஆசைக்காகவே, அதுவும் வருஷக் கணக்கில் ஆசைப்பட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்து மக்கள் வாங்கும் சரக்கு என்றால் அது தங்க நகைதான். வேறு கடையில் பணம் கொடுக்கும்போது முகம் சுளிப்பவரும் நகைக் கடையில் சிரித்துக்கொண்டே கொடுக்கிறார். இந்தச் சிரிப்பு நிலைக்குமா என்பது, அதே நகையைப் பத்து வருஷம் கழித்து விற்கவோ அடகு வைக்கவோ கொண்டு போகும் நாளில்தான் தெரியும்.

நாம் கோவையில் நாற்பது ஆண்டுகளாக மொத்த நகை வியாபாரம் செய்து வருகிறோம். பட்டறையில் செய்து வாங்கி, சுற்று வட்டாரத்துச் சிறு கடைகளுக்கும் கேரளத்துக் கடைகளுக்கும் கொடுத்து வருகிறோம். இந்த அனுபவத்தில் கண்ட சிலவற்றை நம் வணிக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று நினைக்கிறோம். நகைத் துறையில் இல்லாதவர்களும் இதைப் படிக்க வேண்டும். கல்யாண வீட்டார் முதலில் நகைக் கடைக்குப் போய்விட்டு, மிச்சப் பணத்தோடுதான் ஜவுளிக்கும் பாத்திரத்துக்கும் மளிகைக்கும் வருகிறார்கள். அங்கே அவர்கள் ஏமாந்தால் கெட்ட பெயர் கடைத்தெரு முழுவதற்கும்தான்.

ஆசையின் வேர்

‘சவரன்’ என்ற சொல்லே இங்கிலாந்து நாட்டு நாணயத்தின் பெயர். ‘பவுன்’ என்பதும் அப்படியே. அந்தத் தங்க நாணயம் 22 காரட், எடை 7.988 கிராம். அதையே நாம் 8 கிராம் என்று முழுமையாக்கிக்கொண்டோம். நாணயம் புழக்கத்திலிருந்து போய் எத்தனையோ காலமாகியும், பெண் பார்க்கப் போகும் வீட்டில் இன்றும் பேச்சு பவுன் கணக்கில்தான் நடக்கிறது.

பெண்கள் நகைக்கு ஆசைப்படுவதை ஆடம்பரம் என்று சொல்லி ஒதுக்குவது எளிது. ஆனால் பிதுரார்ஜித சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பிறப்புரிமை என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் வந்தது 1989-ல்தான். நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. அதற்கு முன் அப்பன் வீட்டிலிருந்து ஒரு பெண் தன் சொத்தாகக் கொண்டுபோனது கழுத்திலும் காதிலும் கையிலும் போட்டது மட்டுமே. காடும் தோட்டமும் அண்ணன் தம்பிக்கு; அவளுக்கு ஆரமும் வளையலும். ஆகவே அது அவளுக்கு அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை. அவசரத்துக்கு உதவும் பாங்கியாகவும் இருந்தது.

அரசாங்கமும் இதை உணர்ந்தே நடந்திருக்கிறது. ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்தில் 2011 முதல் தாலிக்கு 4 கிராம் தங்க நாணயம் தந்தார்கள்; 2016-ல் அது 8 கிராம் ஆயிற்று. 2022-ல் அந்தத் திட்டம் மாற்றப்பட்டு, உயர்கல்வி படிக்கும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாயிற்று. கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுன் வரை அடகு வைத்தவர்களின் கடனை 2021-ல் தள்ளுபடி செய்ததும் நினைவிருக்கும். நகை என்பது குடும்பத்தின் அவசர நிதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தடை போட்டும் தணியாத ஆசை

சீன யுத்தத்தை ஒட்டி அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது, 1963 ஜனவரியில் மத்திய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். தங்க மோகத்தைக் குறைப்பதே நோக்கம். நடந்தது வேறு. 14 காரட் நகை மக்களுக்குப் பிடிக்கவில்லை. நிறமும் வேறு, பதமும் வேறு. பரம்பரையாக ஊதுகுழலைப் பிடித்த பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையின்றித் தெருவுக்கு வந்தன. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1966-ல் 14 காரட் நிபந்தனை நீங்கியது. 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கட்டித் தங்கத்தைத் தனியார் வைத்திருக்கக் கூடாது. பத்தர்கள் கையிருப்புக்கும் வரம்பு உண்டு. லைசென்சு, ரிஜிஸ்தர், சோதனை என்று கடைக்காரர் பட்ட பாடு மூத்தவர்களுக்குத் தெரியும். 1990-ல் அந்தச் சட்டம் ரத்தானது.

இருபத்தேழு வருஷக் கட்டுப்பாட்டால் ஆசை குறைந்ததா? இல்லை. கடத்தல்தான் வளர்ந்தது. மக்களின் ஆசையைச் சட்டத்தால் அடக்க முடியாது. விற்பவரின் நேர்மையைத்தான் சட்டத்தால் கொஞ்சம் ஒழுங்குபடுத்த முடியும். பிற்பாடு வந்த முத்திரைச் சட்டம் அந்த வழியில் வந்ததுதான்.

உரைகல்லிலிருந்து முத்திரை வரை

‘தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்’ என்று ஒரு பழமொழி இருக்கிறது. நேர்மையான பத்தர்களை இது எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் பழமொழி பிறந்ததற்குக் காரணமும் உண்டு. உரைகல்லில் தேய்த்து நிறம் பார்ப்பது கண்ணின் அனுபவம். வாங்குபவருக்கு அந்த அனுபவம் கிடையாது. விற்பவர் சொன்னதே வேதம்.

பழைய நகைகளில் பற்றவைக்கும் பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்திருக்கும். நகை பூராவும் 22 காரட் என்றாலும் பற்றுள்ள இடங்களால் உருக்கினால் மாற்றுக் குறையும். பிறகு காட்மியம் கலந்து பற்றவைக்கும் முறை வந்தது. அதையே கே.டி.எம். நகை என்று விளம்பரம் செய்தார்கள். மாற்றுக் குறையவில்லை, ஆனால் அந்தப் புகை பட்டறைக்காரரின் நுரையீரலைக் கெடுத்தது. கே.டி.எம். என்பது பற்று வைக்கும் முறையின் பெயர்தான். அது தரத்துக்கு முத்திரை ஆகாது. இன்றும் சில வாடிக்கையாளர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டியது கடைக்காரர் பொறுப்பு.

பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ம் ஆண்டு தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரையைத் தொடங்கியது. இருபது வருஷத்துக்கு மேல் அது விருப்பப்பட்டவர் போடும் முத்திரையாக இருந்தது. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமாகி, பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து, எண் கொண்ட தனி அடையாளக் குறி உள்ள முத்திரை நகையைத்தான் விற்க வேண்டும். எச்.யு.ஐ.டி. என்பது அதுதான். முத்திரையில் மூன்று அடையாளங்கள் இருக்கும்: பி.ஐ.எஸ். சின்னம், 22கே916 போன்ற தரம், அந்த ஆறு இலக்கக் குறி. ஒரு நகைக்கு உள்ள குறி இன்னொன்றுக்கு வராது. பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் குறியைப் போட்டால் எந்தக் கடை பதிவு, எங்கே சோதனை, என்ன நகை, என்ன தரம் என்பதெல்லாம் வந்துவிடும்.

இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கும், ஆண்டு வியாபாரம் 40 லட்சத்துக்கு உட்பட்ட சிறு கடைகளுக்கும் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் சிறு கடை நண்பர்களுக்கு நாம் சொல்வது: விலக்கு இருக்கிறதென்று விட்டுவிடாதீர்கள். பெரிய கடையில் முத்திரை பார்த்துப் பழகியவர் உங்களிடமும் அதைத்தான் தேடுவார். ஒரு நகைக்கு முத்திரைக் கட்டணம் வரியில்லாமல் 45 ரூபாய். அந்தப் பணத்தில் கிடைக்கும் நம்பிக்கையை ஐந்து லட்ச ரூபாய் விளம்பரமும் வாங்கித் தராது.

ஒரு ஆரமும் ஒரு அம்மாவும்

நம்மிடம் சரக்கு எடுக்கும் கிராமத்துக் கடைக்காரர் ஒருவரின் கடையில் நாம் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது. ஒரு அம்மாள் மகளின் காலேஜ் கட்டணத்துக்காக ஆரம் ஒன்றை விற்கக் கொண்டு வந்தார். எடை 40 கிராம், ஐந்து பவுன். முத்திரை கட்டாயமாவதற்கு வெகு காலம் முன்பு வேறொரு ஊரில் வாங்கியது. ரசீது என்று இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் எடையும் தொகையும் மட்டும்.

கடைக்காரர் மெஷினில் வைத்துப் பார்த்தார். 80 சதவீதம்தான் காட்டியது. மூன்று இடத்தில் திருப்பி வைத்துப் பார்த்தார், அதே கதைதான்.

“ஏனுங்கண்ணா, அஞ்சு பவுனுக்குத்தானுங்க காசு கொடுத்தோம்? வருஷத்துக்கு ஒருக்காக்கூட போடலீங்க, பொட்டியிலேயே வெச்சிருந்தனுங்க” என்றார் அந்த அம்மாள்.

“எடை குறையலீங்க அம்மணி. மாத்துத்தான் குறைச்சல்” என்று கடைக்காரர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். 22 காரட் என்றால் 40 கிராமில் 36.64 கிராம் சொக்கத் தங்கம் இருக்க வேண்டும். இதில் இருந்தது 32 கிராம். 4.64 கிராம் சொக்கத் தங்கம் இல்லை. 22 காரட் கணக்கில் ஐந்து கிராமுக்கு மேல். அதாவது அரை பவுனுக்கும் கூடுதல். அந்த அம்மாள் கோபப்படவில்லை. “அந்தக் கடைக்காரரை எங்கூட்டுக்காரர் பேர் சொல்லிக் கூப்பிடுவாருங்க, அத்தனை பழக்கமுங்க” என்று மட்டும் சொன்னார்.

எடையில் ஏமாற்றினால் அன்றே தெரிந்துவிடும். மாற்றில் ஏமாற்றினால், குடும்பத்துக்குப் பணம் மிக அவசரமாகத் தேவைப்படும் நாளில்தான் தெரியும். அதனால்தான் இது மற்ற கலப்படங்களைவிடக் கொடியது. இன்றைய முத்திரை நகையில் தரம் குறைந்தால், குறைந்த அளவின் மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகத் தர வேண்டும் என்று பி.ஐ.எஸ். விதி இருக்கிறது. அந்த அம்மாளுக்கு அந்த வழி இல்லை.

பழைய நகை கொண்டு வருபவர்களுக்கு இன்னொரு பயம் உண்டு: முத்திரை இல்லாததால் வாங்கமாட்டார்களோ என்று. பொதுமக்கள் பழைய நகையை விற்கத் தடை ஏதும் இல்லை; கடைக்காரர் வாங்கலாம், உருக்கிப் புது நகையாக்கி முத்திரையிட்டு விற்கலாம். இந்தப் பயத்தைப் பயன்படுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள் நம் தொழிலுக்கே களங்கம்.

சேதாரம் என்னும் திரை

இனி சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். பத்தர் அரத்தால் ராவும்போதும், உருக்கும்போதும், மெருகு போடும்போதும் தங்கம் கொஞ்சம் குறைவது உண்மை. அதற்குத்தான் சேதாரம் என்று பெயர் வந்தது. ராவிய தூளையும் விடாமல் சேர்த்துத் திரும்ப எடுக்கிறோம். பட்டறை வாசல் மண்ணைக் கூட்டி அலசிப் பிழைப்பவர்கள்கூட உண்டு. மெஷின் செயினில் இந்த இழப்பு இன்னும் குறைவு.

மொத்த வியாபாரம் சொக்கத் தங்கக் கணக்கில் நடக்கிறது. உதாரணத்துக்கு, 100 கிராம் 916 நகைக்கு 95 கிராம் சொக்கத் தங்கம் என்று பேசுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நகையில் இருப்பது 91.6 கிராம். மீதி 3.4 கிராமில்தான் பத்தர் கூலி, நிஜமான இழப்பு, நமது லாபம் எல்லாம் அடக்கம். அதே நகைக்குச் சில்லறைக் கடையில் 12 சதவீதமோ அதற்கு மேலோ சேதாரம் போட்டால், வித்தியாசம் எங்கே போகிறது? கடை வாடகை, ஆள் சம்பளம், முடங்கிய முதலுக்கு வட்டி, விளம்பரம், கடைக்காரர் லாபம். இவை நியாயமான செலவுகளே. லாபம் இல்லாமல் யாரும் கடை நடத்த முடியாது. நமது ஆட்சேபம் லாபத்தின் மேல் இல்லை; லாபத்துக்குச் ‘சேதாரம்’ என்று பெயர் வைப்பதில்தான். அந்தப் பெயரைக் கேட்டால் வாங்குபவர், தங்கம் எங்கோ கரைந்து போய்விட்டது என்று நினைக்கிறார்.

வாடிக்கையாளர் பக்கமிருந்து ஒரு கணக்குப் பார்ப்போம். எளிமைக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். 10 கிராம் செயின், சேதாரம் 12 சதவீதம். 11.2 கிராமுக்கு 1,12,000 ரூபாய். ஜி.எஸ்.டி. 3 சதவீதம் 3,360. மொத்தம் 1,15,360 ரூபாய். மறுநாளே அதே விலையில் விற்றால் கைக்கு வருவது அதிகபட்சம் ஒரு லட்சம். அதாவது தங்கம் 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். முதலீடு என்று வருபவரிடம் இதைச் சொல்லி, அப்படியானால் நாணயம் வாங்குங்கள், அல்லது சேதாரம் குறைந்த எளிய வேலைப்பாட்டை வாங்குங்கள் என்று சொல்லும் கடைக்காரரை அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு விடாது.

கல் எடையும் சீட்டும்

அடுத்தது கல் எடை. கெம்புக் கல் அட்டிகை 20 கிராம் என்று தராசு காட்டும். அதில் கல் 3 கிராம் இருந்தால் தங்கம் 17 கிராம்தான். மொத்த எடைக்கும் தங்க விலை போட்டால், மேற்படி விலையில் கண்ணாடிக் கல்லுக்கு 30,000 ரூபாய் வாங்கியதாகும். பாங்கியில் அடகு வைக்கப் போனால் கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் மதிப்புப் போடுவார்கள். ரசீதில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். கல்லுக்கு விலை உண்டென்றால் அதைத் தனியே எழுதட்டும்.

பிறகு நகைச் சீட்டு. மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று கட்டி நகை எடுப்பது நல்ல பழக்கம். சிறு கடைகளுக்கு அதுவே உயிர்நாடி. கம்பெனிச் சட்டப்படி, சரக்குக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் சரக்குக் கொடுக்காவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும். 11 மாதச் சீட்டுகள் பரவியதன் காரணம் இதுவே. முறைப்படுத்தாத டெபாசிட் வசூலைத் தடை செய்து 2019-ல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் வட்டி ஆசை காட்டிப் பணம் வசூலித்து, ஒரு நாள் காலையில் ஷட்டரைத் திறக்காமல் போன கடைகளின் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. சீட்டுப் பணம் கடைக்காரரின் பணம் அல்ல. அதை வைத்துக் கிளை திறப்பதும் நிலம் வாங்குவதும் கூடாது. கட்டிய மாதமே அந்த விலையில் கிராமாக வரவு வைத்து, அவ்வளவு தங்கத்தையும் கையிருப்பில் வைத்திருந்தால், விலை எத்தனை ஏறினாலும் கடைக்காரருக்குத் தூக்கம் கெடாது.

விலை ஏறிய காலத்தில்

2025 அக்டோபரில் பவுன் விலை 90,000 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதி வரியை 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தும் இந்த ஏற்றம். விலை ஏறினால் ஆசை அடங்கும் என்பது வெளியாள் பேச்சு. ஆசை அடங்குவதில்லை, எடை மெலிகிறது. மூன்று பவுனில் செய்த ஆரத்தை ஒன்றரைப் பவுனில் அதே பார்வையோடு கேட்கிறார்கள். வெறும் பார்வைக்காக மெலிந்த நகை அறுந்தால், நெளிந்தால், பழி கடைக்கே வரும். எது தினமும் போடத் தகும், எது விசேஷத்துக்கு மட்டும் என்று விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

2025 ஜூலையில் 9 காரட்டையும், அதாவது 375 தரத்தையும், முத்திரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். 14, 18 காரட்டும் பட்டியலில் உண்டு. இளவயதினர் கல் மோதிரம், மெல்லிய செயின் இவற்றை 18 காரட்டில் விரும்பி எடுக்கிறார்கள். 1963-ல் கட்டாயத்தால் கொண்டுவந்தபோது மக்கள் ஒதுக்கிய குறைந்த காரட்டை, இன்று பேத்திகள் தாமாகவே கேட்கிறார்கள். விற்பதில் தவறில்லை. ஆனால் விற்பனை மேஜையில் 22 காரட்டோடு கலந்து வைக்காமல் தனித் தட்டில், தனி விலைச் சீட்டோடு வைக்க வேண்டும்.

கவரிங் வாங்குபவரையும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. சிதம்பரம் கவரிங்கைக் கவரிங் என்றே சொல்லி விற்கிறார்கள். அதில் பொய் இல்லை. கவரிங் என்று சொல்லி விற்ற கவரிங், 22 காரட் என்று சொல்லி விற்ற 80 சதவீதத் தங்கத்தைவிட மானமுள்ள சரக்கு.

நாம் செய்ய வேண்டியது

நகைத் துறை நண்பர்கள் அனைவரும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

1. ரசீதில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை, தரம், அன்றைய கிராம் விலை, சேதாரம், செய்கூலி, கல் விலை, வரி, முத்திரைக் குறி எல்லாம் தனித்தனியே எழுதுவோம்.

2. முத்திரையைப் பார்க்க விற்பனை மேஜையில் ஒரு பூதக்கண்ணாடி வைப்போம். வாடிக்கையாளர் கேட்கும் முன் நாமே செயலியில் போட்டுக் காட்டுவோம்.

3. திரும்ப வாங்கும்போது என்ன கழிப்போம் என்பதை விற்கும்போதே சொல்லி, ரசீதின் பின்பக்கம் அச்சிடுவோம்.

4. சீட்டுப் பணத்தைத் தனிக் கணக்கில் வைப்போம்.

5. இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கம் வாங்குவதில்லை என்ற 2017-ம் ஆண்டு விதியை, தெரிந்தவர் தெரியாதவர் என்று பாராமல் எல்லோரிடமும் ஒரே மாதிரி கடைப்பிடிப்போம்.

பெரிய ஷோரூம்களின் கண்ணாடிக்கும் குளிர்சாதனத்துக்கும் நடிகர் விளம்பரத்துக்கும் நாம் ஈடு கொடுக்க முடியாது. ஆனால் வாங்குபவரின் பெயர், அவர் மகளின் கல்யாணத் தேதி, போன தீபாவளிக்கு எடுத்த தோடு எத்தனை கிராம் என்பதெல்லாம் தெரிந்தவர் தெருக்கோடிக் கடைக்காரர்தான். அந்தப் பழக்கத்தோடு தெளிவான கணக்கும் சேர்ந்துவிட்டால் சிறு கடைக்கு அழிவில்லை. பழக்கம் மட்டும் இருந்து கணக்கு மறைந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, பேர் சொல்லிக் கூப்பிட்ட பழக்கத்தில் வாங்கிய அந்த ஐந்து பவுன் ஆரமே போதும்.